மூன்றாம் குடிலின் காய்

மார்ச் பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, தாவர ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் பசுமைக்குடிலில் சொட்டுநீர்க் குழாய்கள் மூடப்பட்டன. இரண்டாம் குடிலில் தண்ணீர் வழக்கம்போல் ஓடியது. இரண்டிலும் இருந்தவை ஒரே வாரத்தில் நட்ட ஒரே சுரைக்கொடிகள். பந்தலில் ஏறிப் பிஞ்சு விடத் தொடங்கியிருந்தன.

குழாயை மூடச் சொன்னவள் அந்தக் கொடிகளை உண்டாக்கிய ஆய்வாளர். காட்டில் தானாக முளைக்கும் சுரை ஒன்றைத் தோட்டச் சுரையோடு சேர்த்து, அதில் பிறந்த பிள்ளைகளை மறுபடி தோட்டச் சுரையோடு சேர்த்து, ஆறு வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு குணத்தை: தண்ணீர் இல்லாதபோது தாங்கி நிற்பது.

"பட்டினி போடறதுக்குக்கூடச் சம்பளம் குடுக்கறாங்களே மேடம்," என்றார் களத்து மேஸ்திரி, குழாயின் திருகை இறுக்கிக்கொண்டே. "எங்க வீட்ல அதை ஓசியிலயே பண்றாங்க."

மண் காய்ந்தால் செடி சும்மா இருப்பதில்லை. வேரும் இலையும் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அப்சிசிக் அமிலம் என்று பெயர். ஆய்வகத்தில் செல்லமாக 'அப்சி'. அது போய்ச் சேர்ந்ததும் இலையின் நுண்துளைகள் மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது. எல்லாச் செடியிலும் இது நடக்கிறது. ஆனால் சில செடிகள் சேதி வந்த பிறகும் யோசித்துக்கொண்டிருக்கும், சில செடிகள் காதில் விழுந்த மறுகணமே கதவைச் சாத்திவிடும். அந்த வேறுபாடு மரபணுவில் இருக்கிறது. அவள் எண் போட்டு வளர்த்த கொடிக் குடும்பங்களில் நாற்பத்தொன்றாம் வரிசை சட்டென்று கதவைச் சாத்தும் ரகம். அந்தக் கூர்மையான காது காட்டுத் தாயிடமிருந்து வந்தது.

ஒரு வாரத்தில் மற்ற வரிசைகளின் இலைகள் ஈரத் துணியைப் போல் தொங்கின. நாற்பத்தொன்று நிமிர்ந்தே நின்றது. மூன்றாம் வாரமும் நின்றது. காய்கள் சிறிதாக, கெட்டியாக, கரும்பச்சையாக இருந்தன, ஆனால் காய்த்தன. துறைத்தலைவர் வந்து பார்த்துவிட்டு, "மாநாட்டுக்குப் படம் எடுத்து வை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் அவ்வளவு பாராட்டி யாரும் கேட்டதில்லை.

அந்த நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. சுரை இனத்துச் செடிகளில் கசப்பு ஒரு பெரிய தொல்லை. அது வெறும் ருசிக் குறை கிடையாது. கசக்கும் சுரையில் இருப்பது விஷம். அதனால் விதை முளைத்து முதல் இரண்டு இலைகள் விரிந்ததும் ஆய்வாளர்கள் ஒவ்வொரு நாற்றாகக் குனிந்து, இலையின் ஓரத்தில் நகமளவு கிள்ளி வாயில் போட்டு மென்று துப்புவார்கள். கசந்தால் சிவப்புக் குச்சி, இல்லாவிட்டால் வெள்ளைக் குச்சி. சிவப்புக் குச்சி நட்ட நாற்று அன்றே பிடுங்கப்படும். "மாடு மாதிரி மேஞ்சிட்டுப் போறாங்க," என்பார் மேஸ்திரி. இலை இனித்தால் காயும் இனிக்கும் என்பது அங்கே யாரும் எழுதி வைக்காத விதி. இதுவரை அப்படித்தான் இருந்தது. நாற்பத்தொன்றாம் வரிசை முழுவதும் வெள்ளைக் குச்சி.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அளந்து, நிறுத்து முடித்த வெள்ளைக் குச்சிக் காய்களை வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அறுவடை நாளில் இரண்டாம் குடிலின் பெரிய காய்கள் நிமிஷத்தில் காலியாகின. மூன்றாம் குடிலின் சோனிக் காய்களைச் சீண்டுவாரில்லை. மேஸ்திரி ஒன்று எடுத்துக்கொண்டார். அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள், மாமனாருக்காக.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தெருவில் அவரை இன்னமும் 'கண்டக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சர்க்கரை நோய் வந்த பிறகு ஊரில் கசக்கிற எதையும் விட்டுவைத்ததில்லை. பாகற்காய், வேப்பங்கொழுந்து, பேர் தெரியாத வேர், எல்லாம் மிக்சியில் அரைபட்டு அவருடைய எவர்சில்வர் டம்ளருக்குள் போகும். காலையில் நடந்துவிட்டு வந்ததும், மூக்கைப் பிடிக்காமல், முகத்தைச் சுளிக்காமல் குடிப்பார். அது அவருக்கு ஒரு பெருமை. போன அறுவடையில், தண்ணீர் பாய்ந்த கொடியிலிருந்து மருமகள் கொண்டுவந்த காயைப் பச்சையாக அரைத்துக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கசப்பு பத்தல," என்றார்.

"கசக்கக் கூடாதுன்னுதான் எங்களுக்குச் சம்பளம் மாமா."

"அப்ப மருந்துக்கு ஆகாது, சமையலுக்குத்தான்."

சாயங்காலம் அவள் இரண்டு காய்களையும் சமையல் மேடையில் வைத்தாள். அவர் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "இது என்ன, ஏழைப் பிள்ளை மாதிரி இருக்கு?"

"தண்ணியே காட்டாம வளர்த்தது. ஆறு வருஷ வேலை மாமா, இந்தக் காய்."

"அப்படியா," என்று அவர் அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை, அவர் நடக்கப் போயிருந்தபோதே அவள் கிளம்பிவிட்டாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவனும் விடியும் முன்பே வேலைக்குப் போயிருந்தான். முந்தைய வாரம் எடுத்து உறையவைத்த காய்த் துண்டுகளின் முடிவு அன்று வருவதாக இருந்தது. எந்த மரபணு எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்று எண்ணிச் சொல்லும் கருவி ஒன்றில் அவை ஓடிக்கொண்டிருந்தன. அதை இயக்குபவள் அவளுடைய தோழி. தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு திரையில் மூக்கு உரசும்படி குனிந்து பார்ப்பதால் எல்லோரும் அவளை 'பூதக்கண்ணாடி' என்பார்கள். அவளுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

"இங்க வா. என் மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா, உன் கொடிக்கா, பாத்துச் சொல்லு," என்றாள் பூதக்கண்ணாடி.

திரையில் வரிசையாகப் பட்டைகள். வறட்சியைத் தாங்க வைக்கும் மரபணுக்கள் எதிர்பார்த்தபடியே உயர்ந்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், சரிபார்ப்புக்காகச் சும்மா சேர்த்திருந்த இரண்டு மரபணுக்கள். இரண்டும் கசப்பின் விசைகள். ஒன்று இலைக்கானது, மற்றது காய்க்கானது. இலையின் விசை இரண்டு குடிலிலும் தரையோடு கிடந்தது. காயின் விசை இரண்டாம் குடிலில் தரையோடு கிடந்தது. மூன்றாம் குடிலில் அதன் பட்டை திரையின் மேல் விளிம்பைத் தொட்டு வெட்டுப்பட்டிருந்தது.

"மூணு தடவை ஓட்டிட்டேன்," என்றாள் பூதக்கண்ணாடி. "மூணு தடவையும் இதேதான்."

ஆய்வாளருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது. முன்பே தெரிந்த ஒன்றை இப்போதுதான் பார்ப்பது போல் எல்லாம் சட்டென்று வரிசையாக நின்றது. காட்டுச் சுரையின் கூர்மையான காதை எடுத்தபோது, அதே குரோமோசோமில் அதற்கு அடுத்து உட்கார்ந்திருந்த காட்டுக் கசப்பின் விசையும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை அது தூங்குகிறது. மண் காய்ந்து அப்சி ஏறியதும் நுண்துளைக்குப் போன அதே சேதி அதையும் தட்டி எழுப்புகிறது. தோட்டச் சுரையில் அந்த விசை எத்தனையோ தலைமுறைக்கு முன்பே பழுதாகிப் போயிற்று, மனிதன் சாப்பிட முடிவதே அந்தப் பழுதினால்தான். இலையைக் கடித்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அவர்கள் இலையைத்தான் கடித்தார்கள், அதுவும் நாற்றிலே, தண்ணீர் பாய்ந்த நாளிலே.

மூன்றாம் குடிலின் காயை யாரும் ருசி பார்க்கவில்லை.

"ஏய், என்ன? முகம் ஏன் இப்படி ஆச்சு?"

"வீட்ல இருக்கு," என்றாள். "ரெண்டு காய். மாமாவுக்குன்னு எடுத்துட்டுப் போனேன்."

பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றினாள். "உடனே ஃபோன் பண்ணு. கசந்தா துப்பியிருப்பாரு, பயப்படாத. கசப்பை யாராவது முழுங்குவாங்களா?"

"அவர் முழுங்குவாரு," என்றாள் அவள்.

விரல் இரண்டு முறை தவறான பெயரைத் தொட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அடித்தாள். நடந்துவிட்டு இன்னும் வந்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்குச் செருப்பு அறுந்திருக்கும், யாராவது பழைய டிரைவர் வழியில் பிடித்துப் பேசிக்கொண்டிருப்பார்.

"ஹலோ," என்றார் மாமனார்.

"மாமா, அந்தச் சுரைக்காய். தொடாதீங்க. அரைக்காதீங்க."

பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "அரைச்சாச்சே," என்றார். "குடிச்சும் ஆச்சு. அம்மாடி, என்ன கசப்பு. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கசப்பைப் பாத்ததில்ல. பாகற்காய் எல்லாம் இதுக்கு முன்னாடி பாயசம்."

"எவ்ளோ குடிச்சீங்க?"

"ரெண்டு மடக்கு இருக்கும்."

"ரெண்டு மடக்குதானா? மாமா, நெஜமா சொல்லுங்க. இது விளையாட்டு இல்ல."

"ரெண்டு மடக்குதாம்மா. எதுக்கு இப்படிப் பதறுற? வயித்துல ஏதோ சில்லுனு இருக்கு, அவ்ளோதான். இரு, ஒரு நிமிஷம்."

ஃபோனை எங்கோ வைக்கும் சத்தம். நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். பிறகு, கொஞ்ச தூரத்தில், அவர் வாந்தி எடுப்பது கேட்டது. அது நின்று மறுபடி தொடங்கியது. குழாய் திறந்தது. ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டு அடங்கியது.

"மாமா," என்றாள். "மாமா."

ரேடியோவில் பாட்டு முடிந்து ஒரு பெண் வானிலை சொல்லத் தொடங்கினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அதை மூடுவார் யாரும் இல்லை.

அவள் அந்த ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. பூதக்கண்ணாடியின் ஃபோனை வாங்கிக் கீழ்வீட்டுத் தையல்கார அக்காவை அழைத்தாள். அக்கா மேலே ஓடுவது, செருப்புச் சத்தம், கதவு, எல்லாமே முதலில் ஒரு காதிலும் பிறகு மறு காதிலும் கேட்டது. "ஐயோ, கண்டக்டரே," என்று அக்காவின் குரல் இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வந்தது.

"இருக்காரு, இருக்காரு," என்றாள் அக்கா. "பாத்ரூம் தரையில உக்காந்திருக்காரு. பேசறாரு. என்னைப் பாத்து, 'ஏன் வந்தே, சட்டை தைக்க அளவு எடுக்கவா'ங்கறாரு. ஆனா ஆளு நனைஞ்ச கோழி மாதிரி இருக்காரும்மா. வேர்வை ஆறா ஓடுது. நான் ஆம்புலன்சுக்குச் சொல்றேன். நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

"அக்கா, வாந்தியில ரத்தம் இருக்கா?"

"காப்பிப் பொடி மாதிரி ஏதோ இருக்கு. அது என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குத் தெரியும். வயிற்றில் கசிந்த ரத்தம் அமிலத்தில் கறுத்தால் அப்படித்தான் இருக்கும் என்று எப்போதோ படித்திருந்தாள், வேறு யாருக்கோ நடந்ததாக.

பூதக்கண்ணாடி ஸ்கூட்டர் ஓட்டினாள், அவள் பின்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் பூதக்கண்ணாடி எதையோ சொல்லித் தேற்றிக்கொண்டு வந்தாள். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. அவள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மடக்கு என்றால் எவ்வளவு, அதில் எவ்வளவு கசப்பு, அறுபத்தெட்டு வயசு உடம்பு எவ்வளவு தாங்கும். முதல் எண்ணைத் தவிர ஒன்றும் தெரியாததால் கணக்கு ஒவ்வொரு முறையும் முதலிலேயே நின்றது. அந்த முதல் எண்ணையும் அவள் நம்பவில்லை.

பாதி வழியில் துறைத்தலைவர் அழைத்தார். யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள்.

"எப்படி இருக்காரு?"

"தெரியல சார். போய்ட்டிருக்கேன்."

"சரி. கேளு. ஆஸ்பத்திரில கேட்டா, கடையில வாங்கின காய்னு சொல்லு. ஊர்ல எல்லாக் கடையிலயும் சுரைக்காய் தொங்குது. சோதனைக் காய் வெளியே போச்சுன்னு எழுதினா, குடிலைப் பூட்டிச் சீல் வச்சிடுவாங்க. உன் வேலை மட்டும் இல்ல, எல்லாருடைய வேலையும். யோசிச்சுப் பேசு."

அவள் "சரி சார்" என்றாள். அப்படிச் சொன்னது நினைவிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போது மாமனார் கண்ணைத் திறந்து, வாசலில் தயங்கிய ஊழியரைப் பார்த்து, "ரைட், போலாம்," என்றார். உதடு வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் கையை லேசாகத் தூக்கினார். கை பாதியிலேயே விழுந்தது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் நடுத்தர வயதுப் பெண். பேசும்போதே கை வேலை செய்துகொண்டிருந்தது. ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், சரியாக ஏறவில்லையோ என்று பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தார். எண் மாறவில்லை.

"என்ன சாப்பிட்டாரு?"

"சுரைக்காய்ச் சாறு. பச்சையா."

"காய் எங்க இருந்து வந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். 'கடையில' என்று தொடங்கி நிறுத்தினாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, நான் ஊர்க்கதை கேக்கல. வாந்தி, வேர்வை, பிரஷர் கீழ கெடக்கு. காய்ல பூச்சிமருந்து இருந்துச்சுன்னா நான் குடுக்க வேண்டிய ஊசி வேற. இல்லன்னா அந்த ஊசி இவருக்கு ஆகாது. கடைக்காய்னா யார் என்ன அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது, ரெண்டுக்கும் சேர்த்துத்தான் யோசிக்கணும். அதுக்கு நேரம் இல்ல."

"கடைக்காய் இல்ல," என்றாள் அவள். "நான் வேலை பாக்கற ஆராய்ச்சி நிலையத்துக் காய். சோதனைக் கொடி. நான்தான் கொண்டு வந்தேன். மருந்து அடிச்சாங்களான்னு இப்பவே கேட்டுச் சொல்றேன்."

மேஸ்திரி முதல் மணியிலேயே எடுத்தார். அவள் கேட்பதற்குள் அவரே பேசினார். "நானே கூப்பிடணும்னு இருந்தேன் மேடம். அந்தக் காய் இருக்கே, எங்க வீட்டம்மா ஒரு துண்டு நாக்குல வச்சா, அவ்ளோதான். சட்டியோட என்னையும் சேர்த்துக் குப்பையில போடாத குறை."

"எப்ப?"

"நேத்து சாயங்காலமே."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"ஆராய்ச்சிக் காய், இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன். நீங்க ருசி பாக்காமயா எடுத்துட்டுப் போவீங்க?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "மூணாம் குடிலுக்கு ஏதாவது மருந்து அடிச்சீங்களா? நெஜத்தைச் சொல்லுங்க. உங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. எங்க மாமா அதைக் குடிச்சிட்டாரு."

"ரெண்டாம் குடில்ல வெள்ளை ஈ வந்துச்சுன்னு உங்களைக் கேக்காம வேப்பெண்ணெய் அடிச்சேன்," என்றார் மேஸ்திரி. "மூணுக்கு எதுவும் அடிக்கல. என் பிள்ளைங்க மேல சத்தியம். ஈ கூட அந்தக் காயைத் தொடல மேடம். அதனாலதான் அடிக்கல."

ஈ தொடவில்லை என்றதை அவள் பிறகுதான் யோசித்தாள். அப்போது ஓடிப்போய் டாக்டரிடம், "எதுவும் அடிக்கல," என்றாள். "இது காயோட சொந்த விஷம். சுரைக் கசப்பு. வறட்சியில காய்க்குள்ள அந்த மரபணு முழிச்சுக்கிச்சு. இன்னைக்குக் காலையிலதான் எனக்கே தெரிஞ்சுது."

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு நர்சிடம் ஊசியை மாற்றச் சொன்னார். "படிச்சிருக்கேன். பாத்ததில்ல."

"மாற்று மருந்து இருக்கா?"

"இல்ல. சலைன் வேகமா ஏத்தணும். பிரஷரைப் புடிச்சு நிறுத்தணும். வயிறு புண்ணாயிருக்கும், அதுக்கு மருந்து. மத்தது அவர் உடம்பு பாத்துக்கணும். நீங்கதான் இதுல படிச்சவங்க. ஒரு மடக்குல எவ்ளோ விஷம் இருக்கும்?"

"தெரியாது," என்றாள்.

உண்மையாகவே தெரியாது. அந்த மரபணு எத்தனை மடங்கு உரக்கப் பேசியது என்று கருவி சொல்லியிருந்தது. அது பேசிய பேச்சுக்குக் கொடி எவ்வளவு கசப்பைச் செய்து காய்க்குள் நிரப்பியது என்று யாரும் அளக்கவில்லை. ஆறு வருஷத்தில் இலைத் துளைகளின் அகலத்தை மைக்ரான் கணக்கில் அளந்திருந்தாள்.

"அப்ப எவ்ளோ குடிச்சாருன்னாவது தெரியணும்."

"ரெண்டு மடக்குன்னு சொல்றாரு."

டாக்டர் திரையை ஒதுக்கி உள்ளே போனார். ரத்தம் கலந்த வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் நகர்ந்து வழிவிட்டாள். மாமனாரின் பார்வை டாக்டரைத் தாண்டி மருமகளைத் தேடியது.

"எவ்ளோ குடிச்சீங்க பெரியவரே?"

"ரெண்டு மடக்கு," என்றார்.

"நீங்க வெளிய இருங்கம்மா," என்றார் டாக்டர் அவளிடம், திரும்பாமலே.

திரை மூடியது. அது துணித் திரை. டாக்டர் குரலைத் தாழ்த்தியும் எல்லாம் கேட்டது.

"இப்ப சொல்லுங்க. மருமக போயாச்சு."

மாமனார், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி, "டம்ளர் பூரா," என்றார். "ரெண்டு காயையும் சேர்த்து அரைச்சேன். முதல் மடக்குலயே குடலைப் புரட்டுச்சு. கொட்டிடலாம்னு சிங்க் வரைக்கும் போனேன்."

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

"அவ ஆறு வருஷம் பாடுபட்டு வளர்த்த காய். எப்படிக் கொட்டறது? இவ்ளோ கசக்குதே, ஆராய்ச்சி நல்லா வந்திருக்குபோலன்னு நெனச்சேன்." ஓங்கரிப்பு வந்தது. அடங்கியதும், "அவகிட்ட ரெண்டு மடக்குன்னே சொல்லுங்க," என்றார்.

அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். சுவர் குளிர்ந்திருந்தது. பூதக்கண்ணாடி அவள் கையைப் பிடித்திருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாத்தறோம். பிரஷர் மாத்திரை சாப்பிடறவரா?"

"தினமும். காலையிலயே."

டாக்டரின் வாய் இறுகியது. "அந்த மாத்திரையும் சேர்ந்து பிரஷரைக் கீழ இழுக்குது," என்றார். ஸ்ட்ரெச்சர் வேகமாகப் போயிற்று. இம்முறை மாமனார் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே லிஃப்ட் வரை போயிற்று, கதவு மூடியதும் சத்தம் நின்றது.

இனி கணவனுக்குச் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் அவன் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் ஃபோன் மேலே கருவிப் பெட்டியில் கிடக்கும். நான்கு முறை அடித்தாள். ஒவ்வொரு முறையும் அவன் எடுக்காததில் ஒரு நிம்மதி இருந்தது, அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. ஐந்தாம் முறை அவனே கூப்பிட்டான். அவள் நடந்ததை வரிசையாகச் சொன்னாள், ஆய்வறிக்கை படிப்பது போல. நான் கொண்டு வந்தேன், யாரும் ருசி பாக்கல, அவர் டம்ளர் பூரா குடிச்சிட்டாரு.

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீ குடிச்சியா?"

"இல்ல."

"நெஜமா?"

"நான் வாயிலயே வைக்கல," என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எப்படி ஒலிக்கிறது என்று கேட்டது.

கிரீஸ் படிந்த சட்டையோடு அவன் வந்து சேர்ந்தபோது அவர்களை உள்ளே விடவில்லை. கதவில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் கட்டிலின் கால்மாடும், இரண்டு பாதங்களும், தொங்கும் பாட்டில்களும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. அவன் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அசையுதா?" என்றாள்.

"இப்ப அசைஞ்ச மாதிரி இருந்துச்சு."

"மாதிரின்னா?"

"தெரியல. நீ வந்து பாரு."

அவள் பார்த்தாள். பாதங்கள் அசையவில்லை. போர்வை மெல்ல ஏறி இறங்குவது போல் தோன்றியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தபோது அது தன் மூச்சினால் கண்ணாடியில் படர்ந்த ஆவியோ என்று சந்தேகம் வந்தது. உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

துறைத்தலைவர் இரண்டு முறை அழைத்தார். அவள் எடுக்கவில்லை. மூன்றாம் முறை பூதக்கண்ணாடி எடுத்து, "உண்மையைச் சொல்லியாச்சு சார். அதைச் சொன்னதாலதான் சரியான ஊசி போட்டாங்க," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்தாள்.

மதியம் ஒரு நர்ஸ் கதவைத் திறந்து ரத்தம் வேண்டும் என்றாள். மகனின் ரத்த வகை பொருந்தியது. அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நர்சின் பின்னால் போனான். அவள் தனியாக அந்த வட்டக் கண்ணாடியின் முன் நின்றாள். உள்ளே ஒரு இயந்திரம் சீராகக் கூவிக்கொண்டிருந்தது. நடுவே அது ஒருமுறை வேகமெடுத்தது. இரண்டு பேர் கட்டிலை நோக்கி ஓடினார்கள். யாரோ திரையை இழுத்தார்கள், பாதங்களும் மறைந்தன.

திரை வெகு நேரம் விலகவில்லை. டாக்டர் வெளியே வந்து, வயிற்றில் ரத்தக் கசிவு கூடியதாகவும், உள்ளே குழாய் விட்டுப் பார்த்து மருந்து செலுத்தியிருப்பதாகவும், ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க மருந்தின் அளவைக் கூட்டியிருப்பதாகவும் சொன்னார். "நாளைக்குக் காலை வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது," என்றார்.

மறுநாள் காலை ரத்த அழுத்தம் மருந்தில்லாமல் நின்றது. ரத்தக் கசிவு மூன்றாம் நாள் நின்றது. சிறுநீரகங்கள் மந்தமாகிப் பிறகு தேறின. எட்டாம் நாள் கண்டக்டர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

மூன்றாம் குடிலின் கொடிகளும் காய்களும் நிலைய வளாகத்திலேயே எரிக்கப்பட்டன. காய்களை வீட்டுக்கு எடுத்துப் போகும் வழக்கம் தடை செய்யப்பட்டது. ஆய்வாளர் மீது விசாரணை நடந்தது. அவள் ஒரு வருஷத்துக்கு விதைக் கிடங்குக்கு மாற்றப்பட்டாள். மாமனாரின் வயிற்றுப் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று.